பெய்டு நியூஸ், கருத்துக்கணிப்பு, போலி நியூஸ் கார்டு: வாசகர் வட்டத்தில் வைத்துச் சோதிப்பது எப்படி?

திண்ணைவாசி (கேள்வி):

வணக்கம். கிளை நூலக வாசகர் வட்டத்தில் தேர்தலுக்கு முன்னால் நான்கு ஞாயிறு, தலா இரண்டு மணி நேரம், ஊடகங்கள் வாக்காளர் மனசை எப்படித் திருப்புகின்றன என்று ஒரு பயிற்சி நடத்தப்போகிறோம். சுமார் பதினைந்து பேர் வருவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வெவ்வேறு கட்சிக்காரர்கள் இரண்டு மூன்று பேர். நூலகத்துக்கு வரும் நாளிதழ்கள் இருக்கின்றன, ஒரு டிவி இருக்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. செலவுக்குப் பணம் கிடையாது.

"எல்லாச் சேனலும் விலைபோயாச்சு" என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் சண்டையாகிக் கூட்டம் கலைந்துவிடும். எந்தக் கட்சிக்காரர் செய்து பார்த்தாலும் ஒரே விடை வருகிற சோதனைகளாக இருந்தால் நல்லது. காசு வாங்கிப் போட்ட செய்தியை எப்படி அடையாளம் காண்பது? கருத்துக்கணிப்பில் எதைப் பார்ப்பது? வாட்ஸ்அப்பில் வரும் நியூஸ் கார்டை எப்படிச் சரிபார்ப்பது? கண்டுபிடித்தால் யாரிடம் கொண்டுபோவது?

கத்தரிமேசை:

முதல் ஞாயிறு முழுக்கப் பெய்டு நியூஸுக்கே ஒதுக்குங்கள். கையால் தொட்டுப் பார்க்கிற சரக்கு இதில்தான் இருக்கிறது.

பணமாகவோ பொருளாகவோ விலை வாங்கிக்கொண்டு வெளியிடும் செய்தியும் அலசலும் பெய்டு நியூஸ் என்பது பிரஸ் கவுன்சில் வரையறை. பணம் கைமாறியதை வாசகர் பார்க்க முடியாது. தடயத்தைத்தான் தேட வேண்டும். தேர்தல் ஆணையம் தன் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கும் அடையாளங்களில் மூன்று உங்களுக்கு அப்படியே உதவும். போட்டிப் பத்திரிகைகள் இரண்டில் ஒரே சமயத்தில் ஒரே படம், ஒரே தலைப்பு, ஒரே வாசகம், ஆனால் வேறு வேறு நிருபர் பெயர். ஒரே பக்கத்தில் எதிரெதிர் வேட்பாளர்கள் இருவருக்கும் "வெற்றி உறுதி" என்று இரண்டு செய்தி. எல்லாத் தரப்பு மக்களும் ஒருவர் பின்னால் திரண்டுவிட்டதாகவும் அவரே ஜெயிப்பார் என்றும் சொல்லும் செய்தி. நடுவில் இருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் வலுவான தடயம் அதுதான். செய்தி ஆசிரியர் பார்த்து அனுப்பிய பக்கத்தில் அப்படி நடக்காது. விளம்பரப் பிரிவு இடத்தை விற்ற பக்கத்தில்தான் நடக்கும்.

எடுத்துக்காட்டுக்கு 2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலை வையுங்கள். அப்போதைய முதல்வர் அசோக் சவாணைப் புகழ்ந்து, ஒன்றோடொன்று போட்டிபோடும் மூன்று மராத்தி நாளிதழ்களில் ஒரே வாசகங்களோடு கட்டுரை வந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை வெளியே கொண்டுவந்தார். சவாண் கொடுத்த செலவுக் கணக்கில் நாளிதழ் விளம்பரத்துக்கு 5,379 ரூபாய், கேபிள் டிவிக்கு 6,000 ரூபாய், ஆக மொத்தம் 11,379 ரூபாய். பக்கம் பக்கமாக வந்த கட்டுரைகளுக்கு அருகில் இந்த எண்ணைப் பலகையில் எழுதிப் போடுங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது. 2014 மே மாதம், கணக்கு உண்மைதானா என்று ஆராயத் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். ஜூலையில் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தண்டனை வரை போனது உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி எம்எல்ஏ உம்லேஷ் யாதவ் வழக்கு. 2007 தேர்தலின்போது நாளிதழில் செய்தி போலவே வந்த விளம்பரத்துக்கான 21,250 ரூபாயைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011 அக்டோபரில் மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்தார்கள், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 10ஏ பிரிவின் கீழ். கவனியுங்கள், தண்டனை கணக்கை மறைத்ததற்கு. பெய்டு நியூஸ் என்று ஒரு தனிக் குற்றம் அந்தச் சட்டத்தில் இல்லை.

புகார் போக வேண்டிய இடம் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், இருக்கும் ஊடக சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. செய்தி வந்த 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் தர வேண்டும். 48 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் குழுவின் முடிவே இறுதி. முடிவு பிடிக்காத வேட்பாளர் 48 மணி நேரத்துக்குள் மாநிலக் குழுவிடம் போகலாம், அதற்கு மேல் ஆணையத்திடம். ஆகவே ஞாயிறு சேகரித்து அடுத்த ஞாயிறு விவாதித்துப் பிறகு அனுப்புகிற வேலை ஆகாது. பார்த்த அன்றே எழுதுங்கள்: பத்திரிகை, பதிப்பு, தேதி, பக்க எண், நீள அகலம். குழு அந்த இடத்தை அரசு விளம்பர விலையில் மதிப்பிட்டு வேட்பாளர் கணக்கில் ஏற்றும் என்பதால் ஸ்கேல் வைத்து அளந்த அளவு புகாரிலேயே இருப்பது நல்லது. 16 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்றால் 400 சதுர செ.மீ. என்று எழுதிவிடுங்கள்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு வேட்பாளருக்குத்தான் (தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம்). கட்சிக்கு வரம்பே கிடையாது. தொகுதி வேட்பாளர் பெயர் இல்லாமல் தலைவரை மட்டும் புகழும் பக்கம் யாருடைய வரம்புக்குள்ளும் வராது. விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள்.

நூற்றுக்குநூறு:

கருத்துக்கணிப்புக்கு ஒரு கால்குலேட்டர் போதும். 0.98ஐ, கேட்ட ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 1,000 பேர் என்றால் 0.031, அதாவது கூட்டல் கழித்தல் 3.1%. இது ஒரு கட்சியின் வாக்கு சதவீதத்துக்கு வரும் பிழை. இரண்டு கட்சிகளுக்கு நடுவிலான வித்தியாசத்துக்குப் பிழை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 41க்கு 37 என்று காட்டி "முந்துகிறது" என்று சேனல் கத்தினால், 1,000 பேரை வைத்து அப்படி அடித்துச் சொல்ல முடியாது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தொகுதி நிலவரம் என்பது அதைவிட மோசம். தமிழ்நாடு முழுக்க 10,000 பேர் என்று பெருமையாகப் போடுவார்கள். 234ஆல் வகுத்தால் தொகுதிக்கு 43 பேர், பிழை 15%. இந்தச் சூத்திரமும் ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் பொருந்தும். பேருந்து நிலையத்தில் நின்று பேசக் கிடைத்தவரிடம் கேட்டு வந்தால் பிழை எவ்வளவு என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

பதினைந்து பேருக்குப் புரியவைக்க ஒரு வழி: 500 புளியங்கொட்டை. 260இல் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள், 240ஐ அப்படியே விடுங்கள். 52க்கு 48. ஒவ்வொருவரும் பையில் கைவிட்டு பார்க்காமல் 40 எடுத்து, எண்ணி, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து பேர் கையில் சிறுபான்மைக் கொட்டை ஜெயித்திருக்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் காசு வாங்கவில்லை என்பதைக் கட்சிக்காரர்கள் முன்னால் காட்டுவதுதான் முக்கியம். பிறகு அந்த ஐந்து பேருடைய முடிவை மட்டும் "சர்வே" என்று பலகையில் எழுதுங்கள். சாதகமாக வந்த கணிப்பை மட்டும் வெளியிட்டால் என்ன ஆகும் என்பது தானாகத் தெரியும்.

கணிப்பு நியாயமானதாக இருந்தாலும் வாக்கு சதவீதத்தை இடங்களாக மாற்றும்போது சறுக்கும். 2016இல் அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் வாக்கில் வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம். மே மாதம் வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் கிடைத்தது 134, 98. அந்த ஒரு சதவீதத்தை எந்தக் கணிப்பாலும் பிடிக்க முடியாது, ஆனால் ஆட்சியே அதில்தான் இருந்தது. இடங்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி வாக்கு சதவீதத்தைச் சொல்லாத கணிப்பை நான் குப்பையில்தான் போடுவேன்.

பல நிறுவனங்கள் ஒரே பக்கம் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்ற வாதம் கூட்டத்தில் கண்டிப்பாக வரும். 2024 மக்களவைத் தேர்தலைச் சொல்லுங்கள். வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் கேட்டுச் சொல்லும் எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன. ஒன்று 401 வரை போனது. வந்தது 293. ஜூன் 3 அன்று ஏறிய பங்குச்சந்தை ஜூன் 4 அன்று சரிந்து, நிஃப்டி குறியீடு ஒரே நாளில் ஏறக்குறைய 6% விழுந்தது.

சட்டம் சுருக்கமாக: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவின்படி முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எக்ஸிட் போல் வெளியிடக் கூடாது, மீறினால் இரண்டாண்டு வரை சிறை. 126ஆவது பிரிவின்படி வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் டிவியில் தேர்தல் பிரச்சார விஷயம் கூடாது. அச்சுப் பத்திரிகை அந்த 126க்குள் வராது. பல கட்டத் தேர்தலில் வேறு மாநிலத்தில் பேசுகிற பேச்சு நேரலையாக இங்கே ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு.

திண்ணைவாசி:

இருவருக்கும் நன்றி. புளியங்கொட்டை உறுதி. கத்தரிமேசை சாரிடம் ஒரு சந்தேகம்: இரண்டு பேப்பரில் ஒரே வாசகம் வந்தால் அது கட்சி அலுவலகம் அனுப்பிய பிரஸ் நோட்டாகவும் இருக்கலாமே? ஏஜென்சி செய்தியும் அப்படித்தானே வரும்?

கத்தரிமேசை:

சரியான சந்தேகம். இதைப் பிரிக்கத் தெரியாமல் புகார் கொடுத்தால் முதல் பதிலிலேயே அடிபட்டுப்போகும்.

ஏஜென்சி செய்தி என்றால் பெரும்பாலும் பிடிஐ, ஏஎன்ஐ என்று கீழேயோ தொடக்கத்திலோ இருக்கும். பிரஸ் நோட் என்றால் அதே வாசகம் கட்சியின் இணையப் பக்கத்திலோ எக்ஸ் தளத்திலோ அன்றே கிடக்கும். முதல் பத்தியில் ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அகப்பட்டுவிடும். அதை அப்படியே போடுவது சோம்பேறித்தனம், விலைபோனதற்குச் சான்று இல்லை. பொதுவாக யாருடைய பெயரும் போடாமல் "நமது நிருபர்" என்றுதான் வரும். சந்தேகத்துக்குரியது, ஒரே வாசகத்தின் மேல் இரண்டு ஆட்களின் பெயர் இருப்பது. ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதியிருக்க முடியாது அல்லவா.

இன்னொன்று, புகாரை அன்றே அனுப்பினாலும், ஒரு பேப்பர் எப்படி என்று ஒரு நாளை வைத்து முடிவுகட்டாதீர்கள். ஒரே தொகுதிக்கு பத்து நாள் தொடர்ந்து, ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை சதுர செ.மீ. என்று கூட்டிப் பாருங்கள். வேட்புமனுத் தாக்கலுக்கு முன் ஒரு வேட்பாளர் பெயரே வராத பேப்பரில் பிரச்சாரம் தொடங்கியதும் தினமும் கால் பக்கம் என்றால் அந்த மாற்றமே பேசும். கண்டனச் செய்தி, வழக்குச் செய்தி எல்லாம் யாருக்கு வருகிறது, யாருக்கு ஒன்றுகூட வரவில்லை என்பதையும் தனிப் பத்தியாக வையுங்கள். விற்பனையில் எழுதுவதற்கு ஒரு விலை என்றால், எழுதாமல் இருப்பதற்கும் விலை உண்டு.

கடைசிப்பெட்டி:

நியூஸ் கார்டு பற்றி. சேனல் லோகோவோடு வரும் சதுரப் படம்தான் போலி செய்யச் சுலபம். அசல் கார்டை எடுத்து எழுத்தை அழித்து வேறு எழுதினால் முடிந்தது. அதனால் கார்டிலேயே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அதில் இருக்கும் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அந்தச் சேனலின் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்குப் போய் அந்த நேரத்துக்கு வந்த கார்டைத் தேடுங்கள். அதே படம், வேறு வாசகம் என்று அசல் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்துரு தடிமன் மாறியிருக்கும், வரிகளுக்கு இடையே இடைவெளி மாறியிருக்கும், எழுத்துப்பிழை இருக்கும். கார்டு கிடைக்கவில்லை என்றால் உடனே போலி என்று அறிவிக்க வேண்டாம். சேனல்கள் கார்டைப் போட்டுவிட்டு நீக்குவதும் உண்டு. அதே தலைவர் அன்று எங்கே பேசினார், முழு வீடியோவில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடியோ என்றால் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய வீடியோ அநேகமாக அகப்படும். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பரவிய வீடியோக்களைக் கட்டாயம் பயிற்சியில் சேருங்கள். அதில் ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று அன்றைய டிஜிபியே வீடியோவில் வந்து சொல்ல வேண்டியதாயிற்று. அவற்றில் இருந்த அடிதடி உண்மை, தலைப்பு பொய். ஏஐ டீப்ஃபேக்கைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள்; வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுவது இன்னும் இந்த மாதிரி மலிவான சரக்குதான்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். மறுக்கும்போது போலி கார்டையே மறுபடி ஒட்டி "இது பொய்" என்று எழுதாதீர்கள், பத்து பேர் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். உண்மையை முதல் வரியில் வையுங்கள், படத்தைப் போட்டே ஆக வேண்டுமென்றால் குறுக்கே பெரிதாக ஒரு கோடு போட்டு விடுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரத்துக்கு மெட்டாவின் விளம்பர நூலகத்தைத் திறந்து இந்தியா, அரசியல் என்று தேர்ந்தெடுத்தால் யார் பெயரில், சுமாராக எவ்வளவு செலவில், எந்த மாநிலத்தில் காட்டப்பட்டது என்று வரும். கட்சி பெயரே இல்லாத "மண்ணின் குரல்" மாதிரியான பக்கங்கள் ஒரே கட்சிக்கு விளம்பரம் ஓட்டுவது அதில்தான் தெரியும். யூடியூபருக்கு நேரில் கொடுத்த பணம் அதில் வராது.

பழையகேபிள்:

எல்லாரும் பொய்யைப் பிடிப்பதிலேயே நிற்கிறீர்கள். ஒரு பொய்கூட இல்லாமல் ஊரின் பேச்சை மாற்ற முடியும்; எதைச் செய்தியாக்குவது என்று தேர்ந்தெடுத்தால் போதும். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சாப்பல் ஹில் என்ற ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன வரிசை, ஊடகங்கள் அந்தப் பிரச்சினைகளுக்குக் கொடுத்த இட வரிசையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. 1972இல் வெளியான அந்தக் கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையே கிளம்பியது.

இதை நீங்களே செய்யலாம். ஏழு நாள், இரண்டு சேனல், இரவுச் செய்தியில் முதல் பத்து நிமிடம் மட்டும். ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, எத்தனை வினாடி, யாருடைய குரல் வந்தது, மறுதரப்புக் குரல் வந்ததா, ஆதாரம் யார் என்று ஐந்து கட்டம். "கூறப்படுகிறது", "தகவல்கள் தெரிவிக்கின்றன" என்று முடிந்தால் ஆதாரக் கட்டத்தில் சுழி. ஒரே செய்தியை எதிரெதிர் கட்சிக்காரர்கள் இருவர் தனித்தனியாகக் குறிக்கட்டும், பிறகு ஒப்பிடுங்கள். பத்தில் எட்டுக்காவது ஒத்துவரவில்லை என்றால் கட்டத்தின் விளக்கம் தெளிவாக இல்லை, அதைத் திருத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். "சாதகமா பாதகமா" என்ற கட்டம் வேண்டவே வேண்டாம், அங்கேதான் சண்டை வரும். வினாடியை வைத்துச் சண்டை போட முடியாது.

தமிழ்நாட்டில் எந்தச் சேனல் எந்தக் கட்சியுடையது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதனால் அங்கே ஏமாறுகிறவர்கள் குறைவு. நடுநிலை என்று பெயர் வாங்கிய சேனலில் விளம்பர வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அரசு விளம்பரம் பெரிய வாடிக்கை. 2015 மேயில் உச்ச நீதிமன்றம் அரசு விளம்பரத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படம் மட்டும் போதும் என்றது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் மறுஆய்வு கேட்டன. 2016 மார்ச்சில் முதல்வர், அமைச்சர் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆளும் கட்சி எதுவானாலும் இதில் மட்டும் ஒற்றுமை.

சேனல் ரேட்டிங்கைக் காட்டி "மக்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்" என்பதையும் அப்படியே எடுக்காதீர்கள். டிவி பார்ப்பதை அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் மீட்டர் 2025 நிலவரப்படி நாடு முழுக்க 60,000க்கும் குறைவான வீடுகளில்தான் இருந்தது, அதிலும் செய்திச் சேனல் பார்ப்பவர்கள் சொற்பம். செட்டாப் பாக்ஸை ஆன் செய்ததும் தானாக வந்து நிற்கும் லேண்டிங் பக்கத்தைக் காசு கொடுத்து வாங்கினால் எண் ஏறும். 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் ரேட்டிங் மோசடி வழக்குப் போட்ட பிறகு செய்திச் சேனல்களின் ரேட்டிங்கையே நிறுத்திவைத்தார்கள். 2022 மார்ச்சில் நான்கு வாரச் சராசரியாகத்தான் திரும்ப வந்தது.

பிரச்சாரம் எப்போதும் பலிக்கும் என்றும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். "இந்தியா ஒளிர்கிறது" விளம்பரம் 2004இல் நாடு முழுக்க ஓடியது, ஆண்ட கூட்டணி தோற்றது. தமிழ்நாட்டில் 39க்கு 39ம் எதிரணிக்குப் போனது.

நூற்றுக்குநூறு:

பழையகேபிள் சொல்வதில் ஒன்றைச் சேர்க்கிறேன். வினாடிக் கணக்கு எடுக்கும்போது விளம்பர இடைவேளையைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சேனலையும் ஒப்பிட முடியாது. ஏழு நாளில் ஒரு பெரிய விபத்தோ தீர்ப்போ வந்தால் அந்த நாளைத் தனியாகக் குறியுங்கள், சராசரியை அது ஒன்றே இழுத்துவிடும்.

கத்தரிமேசை:

தேர்தல் காலத்துக்கு வெளியே என்றால் வேறு வழி. நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத்தில், பிறகு பிரஸ் கவுன்சிலுக்கு, வெளியான இரண்டு மாதத்துக்குள். அது கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. டிவி என்றால் முதலில் சேனலுக்கு, பிறகு அது உறுப்பினராக இருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு.

கையில் கொடுக்கும் நோட்டீஸையும் விட்டுவிடாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். இல்லாமல் வந்தாலே அது புகாருக்குரிய விஷயம், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குள் போகவே வேண்டாம்.

நூலகப் பேப்பரைக் கத்தரிக்க வேண்டாம், அது நூலகத்தின் பிரதி. பக்கம் முழுவதும் தெரிய ஒரு படம், தேதியும் பதிப்பும் இருக்கும் மேல்பட்டையோடு. பிறகு செய்தி மட்டும், ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம். புகாரில் "பணம் வாங்கினார்கள்" என்று எழுதக் கூடாது, நிரூபிக்க முடியாது, அவதூறு நோட்டீஸ் வந்து சேரும். "இந்த இரு நாளிதழ்களில் இன்ன தேதியில் இன்ன பக்கத்தில் ஒரே வாசகம் வேறு பெயர்களில் வந்துள்ளது, பரிசீலிக்கவும்" என்று முடித்துவிடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 96 மணி நேரக் கணக்குக்கு அது தேவைப்படும்.